மாடல் கார் பாடியைப் பெயின்ட்டுக்குத் தயார்செய்வது எப்படி? ஒரு 24 மடங்குக் கணக்கு

1/24 அளவுள்ள பிளாஸ்டிக் கார் மாடல் ஒன்றுக்கு ஸ்பிரே டின்னால் வெள்ளை அடித்திருக்கிறீர்கள். கூரையில் மீன்கண் போன்ற குழிகள் விழுந்துவிட்டன. முன்சக்கரத்துக்கு மேலே மயிரிழைபோல ஒரு கோடு ஓடுகிறது. கதவுகளைச் சுற்றியுள்ள இடுக்குகள் பாதி மூடிவிட்டன. பாடி சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்ததால் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. ஸ்பிரே செய்யும் கையில் குறையா, அடித்ததைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கு குறைகளில் மூன்று, நீங்கள் டின்னைக் குலுக்குவதற்கு முன்பே அந்தப் பாடியில் இருந்தவை. நான்காவதான மூடிய இடுக்கில் மட்டும் உங்கள் கைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். பிறகு சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் அதுவே அடிப்படை. உண்மையான காரின் தகட்டின்மீது பிரைமர், நிறம், மேலே பளபளப்புக்கு அடிக்கும் நிறமற்ற கிளியர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 0.1 முதல் 0.15 மி.மீ. கனம் இருக்கும். அதே 0.1 மி.மீ. கனத்தை 1/24 மாடலின்மேல் ஏற்றினால், முழு அளவுக் காரில் அது 2.4 மி.மீ. கனமுள்ள பூச்சுக்குச் சமம். கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உண்மையான காரில் 4 மி.மீ. இடைவெளி இருக்கிறதென்றால், சரியாகச் சிறிதாக்கிய மாடலில் அது 0.17 மி.மீ. மட்டுமே. பொதுவாகக் கிட்டுகளில் (துண்டுகளாக வரும் மாடல் பெட்டிகளில்) அந்த இடுக்கைச் சற்று அகலமாகவே வெட்டியிருப்பார்கள். என்றாலும் அதன் இரு சுவர்களிலும் தலா 0.05 மி.மீ. பெயின்ட் படிந்தாலே பெரும்பகுதி அடைந்துவிடும். ஆகவே மாடல் பாடியைத் தயார்செய்வது பெரும்பாலும் எடுக்கும் வேலையே தவிர ஏற்றும் வேலை அல்ல. பட்டி, பிரைமர் என்று எதையாவது ஏற்ற நேர்ந்தாலும், ஏற்றியதில் பெரும்பகுதியை உப்புத்தாளால் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

கிட்டின் துண்டுகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாடியைப் பிரித்தவுடன் கழுவுங்கள். சில உற்பத்தியாளர்கள், வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காக எண்ணெய் அல்லது சிலிகான் சேர்ந்த ஒரு பொருளை அச்சில் பூசுவார்கள். அதன் மெல்லிய படலம் பிளாஸ்டிக்கின்மேல் தங்கினால், விழும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகிச் சிறு வட்டமாகக் குழிந்து நிற்கும்; உங்கள் கூரையில் நடந்தது இதுவாக இருக்கலாம். கைரேகையின் எண்ணெயும், சிலிகான் கலந்த கைக்களிம்பும் இதையே செய்யும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் விட்டு, மென்மையான பழைய பல்துலக்கியால் உள்ளும் புறமும் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் காற்றிலேயே உலரவிட்டால் போதும். கொதிக்கும் நீர் வேண்டாம். கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்கள் வளைந்துவிடும். பிரைமருக்கு முன் இதை மறுபடியும் செய்யப்போகிறோம் என்பதால் இந்த முதல் கழுவலுக்கு நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை.

அடுத்தது அச்சுக்கோடு. அதிக நேரம் கேட்கும் வேலையும் இதுதான், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலையும் இதுதான். கார் பாடி இரண்டே பாதிகள் கொண்ட அச்சில் வார்க்கப்படுவதில்லை. மேலே ஒன்று, உள்ளே ஒன்று, இரு பக்கங்களுக்கும் முன்பின்னுக்கும் நகரும் துண்டுகள் என்று பல பகுதிகள் ஒன்றுகூடும் இடத்தில் உருகிய பிளாஸ்டிக் பாய்கிறது. அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மெல்லிய மேடோ, மிகச் சிறிய படியோ உண்டாகும். முன்மட்கார்டின் உச்சியில் தொடங்கி, முன்கண்ணாடித் தூணின் ஓரமாக ஏறி, கூரையின் விளிம்பில் ஓடி, பின்தூண் வழியாக இறங்கி, டிக்கியின் மூலையில் முடியும் கோடு பெரும்பாலான கிட்டுகளில் காணப்படும். பம்பரின் மூலைகளிலும் தேடுங்கள். நேர் வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் படாது. மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி பாடியைச் சாய்வாகத் தடவிச் செல்லும்படி வைத்து, பாடியை மெதுவாகத் திருப்புங்கள். ஒளியின் வரி ஓரிடத்தில் தடுக்கி உடைந்தால் கோடு அங்கே இருக்கிறது. நகத்தை அதற்குக் குறுக்காக இழுத்தாலும் தட்டும். பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் இந்தத் தேடல் எளிது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கண்ணைவிட நகத்தையே நம்ப வேண்டியிருக்கும்.

அதை நீக்கக் கூரான கத்தியின் அலகை மேற்பரப்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டாமல், கூர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் இழுத்துச் சுரண்டுங்கள். பென்சில் சீவலைவிட மெல்லிய தூள் உதிர வேண்டும். சுருள் சுருளாகச் சதை வந்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். அலகு நடுங்கினால் மேற்பரப்பில் சிற்றலைகள் விழும். உடனே கோணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மேடு தணிந்த பிறகு 600 எண் வாட்டர் பேப்பரையும், அதன் கோடுகள் மறைய 1000 எண்ணையும் தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்துங்கள். தாளை வெறும் விரலால் அழுத்தினால் விரல் நுனிக்கு ஏற்ற பள்ளம் விழும். சமமான பகுதிக்கு மட்டமான குச்சியில் ஒட்டிய தாளும், வளைவான பகுதிக்கு மென்மையான பஞ்சுத்துண்டின்மேல் சுற்றிய தாளும் ஏற்றவை. தண்ணீரில் ஒரு துளி சோப்பு கலந்தால் தாள் அடைபடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அச்சுக்கோடு பெரும்பாலும் பாடியின் கூரிய விளிம்பை ஒட்டியே ஓடும். கோட்டை எடுக்கிறோம் என்று தேய்த்துக்கொண்டே போனால் விளிம்பும் மழுங்கி, வடிவமைப்பாளர் மட்கார்டில் வைத்த மடிப்பு சோப்புக்கட்டியின் மூலைபோல ஆகிவிடும். விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, பிறகு டேப்பை மறுபக்கத்துக்கு மாற்றினால் மடிப்பு தப்பிக்கும். காரின் பெயர் எழுத்துகள், சின்னங்கள் அருகிலும் இதே கவனம் வேண்டும். ஒருமுறை தேய்ந்துபோன எழுத்தைப் பிளாஸ்டிக்கில் மீட்க முடியாது.

குழிவுகள் வேறு வகை. பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்கும். உட்புறத்தில் தூணோ விலாவோ இருந்து கனம் கூடிய இடம் மெதுவாகக் குளிர்ந்து, வெளிமேற்பரப்பை உள்ளே இழுக்கும். பானெட்டின் நடுவிலும் கதவின் கீழ்ப்பகுதியிலும் இவற்றைப் பார்க்கலாம். தட்டையான குச்சியில் ஒட்டிய தாளால் இரண்டு மூன்று முறை தேய்த்துப் பாருங்கள். சுற்றியுள்ள பகுதி மங்கி, நடுவில் மட்டும் பளபளப்பு மிஞ்சினால் அதுதான் குழிவு. ஆழமில்லாததைத் தேய்த்தே சமமாக்கிவிடலாம். ஆழமானதற்குத்தான் பட்டி.

பட்டியைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. டியூபில் வரும் ஒற்றைக் கூறு பட்டி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் இறுகுகிறது. ஆவியாவது என்றால் சுருங்குவது. மேலே தோல் கட்டியதைப் பார்த்து மறுநாளே தேய்த்துவிட்டு பெயின்ட் அடித்தால், இரண்டு வாரங்களில் அதே இடம் மீண்டும் உள்வாங்கி நிற்கும். அதன் கரைப்பான் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கும் என்பதால், தடிமனாக அப்பினால் மெல்லிய பாடி நெளிவதற்கும் வாய்ப்புண்டு. ஆகவே கீறல்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, உண்மையான பள்ளங்களுக்கு இரு கூறு பாலியெஸ்டர் பட்டியைப் பயன்படுத்துவது நல்லது. அது வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் மிகக் குறைவு. தேய்த்தால் கூர்மையாக விளிம்பு எடுக்கும். சூப்பர் குளூவையும் நிரப்பியாகப் பயன்படுத்தலாம், ஆனால் நேரம் தவறக் கூடாது. இறுகிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்தால் அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்தே தேயும். நான் ஒருமுறை இரவில் கூரை இணைப்பில் அதை ஊற்றிவிட்டுக் காலையில் தேய்க்க உட்கார்ந்தேன். அதற்குள் அது பாடியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைவிடக் கடினமாகிவிட்டிருந்தது. தாள் இருபுறமும் பிளாஸ்டிக்கைத் தின்ன, நடுவில் பசை வரப்புபோல உயர்ந்து நின்றது. அந்தக் கூரையை மீண்டும் தட்டையாக்க மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின.

எதை இப்போதே ஒட்டுவது, எதைத் தனியாகப் பெயின்ட் அடிப்பது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு: உண்மையான காரில் அந்த இடத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பம்பருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கோடு தெரியும் கார் என்றால், மாடலிலும் அவற்றைத் தனித்தனியாகப் பெயின்ட் அடித்துப் பிறகு சேர்ப்பதே சிறந்தது. ஒரே தகடாகத் தெரியும் பகுதியை வசதிக்காகக் கிட் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், அதை இப்போதே ஒட்டி, இணைப்பை மறைத்தாக வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் திரவப் பசை இணைப்பின் ஓரத்தில் மெல்லிய மணிபோலப் பிதுங்கும்படி இரு துண்டுகளையும் அழுத்துங்கள். அதன்பின் குறைந்தது சில நாட்கள் அதைத் தொட வேண்டாம். உருகிய பிளாஸ்டிக் முழுவதும் உலரும் முன் தேய்த்துவிட்டால், பின்னால் அது உள்வாங்கி, பளபளக்கும் பெயின்ட்டின் அடியில் இணைப்பு மெல்லிய பள்ளமாகத் திரும்பத் தெரியும்.

இந்தக் கட்டத்தில் பசையில்லாமல் ஒருமுறை கார் முழுவதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சேஸிஸ் பாடிக்குள் நுழைகிறதா, கண்ணாடி தன் படியில் உட்காருகிறதா, பானெட் மூடும்போது இருபுற இடுக்கும் ஒத்திருக்கிறதா என்றெல்லாம் கவனிக்க வேண்டும். பெயின்ட் இல்லாதபோதே இறுக்கமாக நுழையும் கண்ணாடி, பெயின்ட்டுக்குப் பிறகு நுழையவே நுழையாது. வலிந்து அழுத்தினால் தூண் முறியும். இறுக்கமான விளிம்புகளை இப்போதே அரத்தால் ஒரு மயிரிழை குறைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு, முடிந்த பாடியை விரித்து சேஸிஸை உள்ளே திணிக்கும்போது கேட்கும் சிறு முறிவு ஓசையை நான் இருமுறை கேட்டிருக்கிறேன்.

இனி இடுக்குகள். கதவு, டிக்கி, எரிபொருள் மூடி ஆகியவற்றைச் சுற்றியுள்ள கோடுகளைப் பிரைமருக்கு முன்பே ஆழமாக்க வேண்டும், அகலமாக்கக் கூடாது. அகலமான இடுக்கு மாடலைப் பொம்மையாக்கிவிடும். ஆழமான இடுக்கோ, பெயின்ட்டுக்குப் பிறகும் நிழலைத் தன்னுள் வைத்துக்கொண்டு உண்மையான இடைவெளிபோலத் தோன்றும். இதற்கென்று விற்கும் கொக்கிமுனைக் கருவி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கத்தி அலகின் முதுகுப்பகுதி நுனியே போதும். ஏற்கெனவே உள்ள கோட்டில் முனையை வைத்து, ஏறக்குறைய அதன் எடையால் மட்டுமே இழுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்புகளில் அழுத்தவே கூடாது. அழுத்தினால் முனை கோட்டைவிட்டு வழுக்கிக் கதவின்மேல் பாயும். தடம் பதிந்த பிறகு, ஐந்தாறு மெல்லிய இழுப்புகளில் தேவையான ஆழம் கிடைக்கும். நேர்க்கோடுகளுக்குத் தடித்த ஒட்டுநாடாவை ஓரமாக ஒட்டினால் அதுவே அளவுகோலாகும். மூலை வளைவுகளில் இரு திசைகளிலிருந்தும் மூலையை நோக்கி இழுங்கள். மூலையைத் தாண்டி இழுத்தால் வெட்டு வெளியே நீளும். முடிந்ததும் பல்துலக்கியால் துகள்களை வெளியேற்றி, 1000 எண் தாளை மடித்து அதன் விளிம்பால் கோட்டின் உதடுகளை ஒருமுறை தடவிவிடுங்கள். இதில் கைவழுக்கிக் கீறல் விழாதவர் யாரும் இல்லை. அந்தக் கீறலுக்குத்தான் மேலே சொன்ன ஒற்றைக் கூறு பட்டி.

இப்போது பாடி முழுவதையும் 1000 எண் வாட்டர் பேப்பரால் ஒரு சுற்று மென்மையாகத் தேய்த்து மங்கலாக்கி, முன்போல மறுபடி கழுவுங்கள். 400 போன்ற கரடான தாளின் கோடுகள் எங்கேனும் மிஞ்சியிருந்தால், பிரைமரின் கரைப்பான் பட்டதும் அவை ஊதிப் பெரிதாகும். பிரைமர் மறைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். உலர்ந்த பிறகு பாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. உட்கூரையில் மாஸ்கிங் டேப்பைச் சுருட்டி ஒட்டி, ஒரு காலி டின்னின்மேல் அல்லது வளைத்த கம்பியின்மேல் நிறுத்தி, அதைப் பிடித்தே கையாளுங்கள். உலர்ந்த துணியால் துடைப்பது பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரத்தை ஏற்றித் தூசியை வரவழைக்கும்; ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தோய்த்த நூல் உதிராத துணியே ஏற்றது. அசிட்டோனும் அது கலந்த நகப்பூச்சு நீக்கியும் பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும்; அவற்றை மேசையிலேயே வைக்க வேண்டாம்.

பிரைமர் என்பது பலர் நினைப்பதுபோல ‘அடிப் பெயின்ட்’ மட்டுமல்ல. பாடியைப் பரிசோதிக்கும் கருவியும் அதுவே. பிளாஸ்டிக்கின் ஊடுருவும் பளபளப்பில் ஒளிந்திருந்த குறைகள் எல்லாம் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் வெளிப்படும். ஆகவே முதல் சுற்று மிக மெல்லியதாக, பிளாஸ்டிக் முழுவதும் மறையாத அளவுக்கே இருக்க வேண்டும். அது உலர்ந்ததும் விளக்கின் சாய்ந்த ஒளியில் மறுபடி தேடுங்கள். சந்தேகம் இருந்தால் அதன்மேல் சற்றுத் தள்ளி நின்று கறுப்பைத் தூவலாக ஒரு முறை அடியுங்கள். பிறகு 1500 எண் தாளால் தண்ணீர்விட்டு மெதுவாகத் தேய்த்தால், உயர்ந்த இடங்களில் கறுப்பு முதலில் போகும். தாழ்ந்த இடங்களில் தங்கும். குழிவு இருக்குமிடத்தில் கறுப்புத் தீவு ஒன்று மிஞ்சி நிற்பதைப் பார்த்துவிட்டால், கண்ணை மட்டும் நம்பிய காலம் வீணென்று தோன்றும். கார் பட்டறைகளில் தகட்டுவேலைக்குச் செய்வதும் இதுவேதான். குறைகளைச் சரிசெய்து, அந்த இடங்களுக்கு மட்டும் பிரைமரைத் தொட்டு, மறுபடி பாருங்கள். நன்றாக வார்க்கப்பட்ட புதிய கிட்டுக்கு இரண்டு சுற்று போதும். பழைய அச்சுகளிலிருந்து வரும் மறுவெளியீடுகளுக்கு நான்கு சுற்றும் ஆகலாம்.

எந்தப் பிரைமர் என்று கேட்டால், கார் பாடிக்கு மெல்லிய துகள் உள்ளதே தேவை. மிஸ்டர் சர்ஃபேசர் என்னும் மாடல் பிரைமர் வரிசையில் எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்: 500 கீறல்களை நிரப்புவதற்கு, 1000 பொதுவேலைக்கு, 1500 பளபளப்புக்கு அடியில். டாமியா நிறுவனத்தின் ஃபைன் சர்ஃபேஸ் பிரைமரும் நம்பத்தக்கது. சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் அது கிடைப்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே வரப்போகும் நிறம் எதுவோ அதற்கேற்றபடி அடிநிறம் அமைய வேண்டும். மஞ்சளும் சிவப்பும் ஒளி ஊடுருவும் நிறங்கள் என்பதால், சாம்பலின்மேல் அவை அழுக்காகத் தெரியும். வெள்ளையோ இளஞ்சிவப்போ அடியில் இருந்தால் குறைந்த சுற்றுகளிலேயே ஒளிரும். குறைந்த சுற்று என்றால் குறைந்த கனம். 24 மடங்குக் கணக்கு இங்கேயும் வேலைசெய்கிறது. உண்மையான கார்களுக்காக விற்கும் பிரைமர் டின்களில் சிலவற்றின் கரைப்பான் பாலிஸ்டைரீனுக்கு மிகக் கடுமையானது. மேற்பரப்பு சிலந்திவலைபோல வெடிக்கும். புதிய டின் எதுவானாலும் முதலில் கூரையின் உட்புறத்தில் சோதியுங்கள்.

சிவப்புப் பிளாஸ்டிக்குக்குத் தனி மருந்து வேண்டும். அதிலுள்ள சாயத்தைக் கரைப்பான் மேலே இழுத்துவரும். வெள்ளை எத்தனை சுற்று அடித்தாலும் இளஞ்சிவப்பாகவே நிற்கும், கனம் மட்டும் கூடிக்கொண்டே போகும். உங்கள் கதவிடுக்குகள் மூடியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: நிறத்தை வெளுக்கவைக்க மேலும் மேலும் அடித்திருப்பீர்கள். பிரைமருக்குப் பிறகு வெள்ளி நிறத்தை மெல்லிய சீரான சுற்றாக அடித்து முழுவதும் உலரவிடுங்கள். அதிலுள்ள அலுமினியச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தடுப்பாகும். அதன்மேல் மறுபடி வெள்ளைப் பிரைமர், பிறகு வெள்ளை நிறம்.

ரெசின் பாடிகளுக்கும் மேற்கண்டவை பொருந்தும் என்றாலும், அவற்றில் அச்சு எண்ணெய் அதிகம். கழுவலை இரட்டிப்பாக்குங்கள், ஊசிமுனைத் துளைகளைத் தேடுங்கள், தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் எப்போதும் தண்ணீர்விட்டே தேயுங்கள். ரேடியோ காரின் பாலிகார்பனேட் பாடி முற்றிலும் வேறு சாதி. அதற்கு உட்புறத்திலிருந்து தனிப் பெயின்ட் அடிக்க வேண்டும், இங்கே சொன்னவை உதவா.

அடித்துவிட்ட உங்கள் பாடியைக் காப்பாற்ற முடியும். பாடி மூழ்குமளவு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடர்த்தியான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றி, தீயிலிருந்து விலக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் ஊறவையுங்கள். அக்ரிலிக் சில மணி நேரத்திலேயே உரியும். ஸ்பிரே டின் லேக்கர் ஒரு நாளோ இரண்டு நாளோ எடுக்கும், சிலவேளை இரண்டாம் முறையும் ஊறவைக்க வேண்டியிருக்கும். கையுறை அணிந்து, பல்துலக்கியால் தேயுங்கள். கூரைத் தூண்களை மட்டும் விரலால் உட்புறம் தாங்கிக்கொள்ளுங்கள், ஊறிய பாடியில் முதலில் முறிவது அவையே. இடுக்குகளில் மிஞ்சும் பெயின்ட்டைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். பிளாஸ்டிக்கில் சிவப்பு திரும்பத் தெரிந்ததும் கழுவி உலர்த்தி, விளக்கைத் தாழ்த்திப் பிடித்து முன்மட்கார்டின் உச்சியைப் பாருங்கள். அந்த அச்சுக்கோடு அங்கேயே இருக்கும். கத்தியை அங்கிருந்து தொடங்குங்கள்.